வலைப்படிவத்தில் தேதி: பிறந்த நாள் ஏன் ஒரு நாள் குறைகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள உங்கள் சங்கம் இரண்டு வேலைகளுக்காக ஒரே வலைப் பயன்பாட்டை எழுதிவருவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஒன்று, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கான படிவம். மற்றது, 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக நேட்டாலுக்குக் கப்பலேறி வந்த முன்னோர்களைப் பற்றி அவரவர் குடும்பத்தார் பதிந்து வைப்பதற்கான படிவம். இவற்றில் மூன்று குறைகளைக் கண்டிருக்கிறீர்கள். ஒரே தேதிப் புலம் (தேதியை நிரப்பும் கட்டம்) ஒரு கணினியில் மாதத்தை முதலில் காட்டுகிறது, இன்னொன்றில் ஆண்டை முதலில் காட்டுகிறது. முன்பு பதிந்த விவரத்தைத் திருத்துவதற்காகத் திறந்தால் தேதிப் புலம் காலியாக நிற்கிறது. சில பிள்ளைகளின் பிறந்த தேதி தரவுத்தளத்தில் ஒரு நாள் குறைந்திருக்கிறது, ஒரு பிள்ளைக்கு மட்டும் மூன்று நாள் குறைந்திருக்கிறது. எல்லாருக்கும் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் காட்டும்படி புலத்தை எப்படி வடிவமைப்பது என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் கேட்ட அந்த ஒன்றுக்கான பதில் சிறியது. ஆனால் பிள்ளையின் பிறந்த நாள் தரவுத்தளத்துக்குள் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதே மிகப் பெரிய குறை என்பதால், காட்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அதையே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் எழுதும் படிவத்தில் ‘டேட்’ வகைப் புலத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. திரையில் மனிதருக்குக் காட்டும் முகம் ஒன்று. நிரலுக்கும் சேவையகத்துக்கும் கொடுக்கும் மதிப்பு மற்றொன்று. மதிப்பு எப்போதும் ஆண்டு நான்கு இலக்கம், சிறுகோடு, மாதம் இரண்டு இலக்கம், சிறுகோடு, நாள் இரண்டு இலக்கம் என்றே இருக்கும். 2015-03-05 என்பதைப் போல. ஐஎஸ்ஓ 8601 என்று 1988இல் வெளிவந்த பன்னாட்டுத் தரத்தில் உள்ள வடிவம் இது. உலகின் எந்த மூலையில், எந்த மொழி உலாவியில் நிரப்பினாலும் இந்த மதிப்பு மாறாது. திரையில் தெரியும் முகமோ உலாவியின் மொழியையோ கணினியின் வட்டார அமைப்பையோ பொறுத்தது. குரோம் உலாவியின் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் 03/05/2015 என்று மாதம் முன்னே வரும். பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்தால் 05/03/2015 என்று நாள் முன்னே வரும். தென்னாப்பிரிக்க ஆங்கிலமாக இருந்தால் 2015/03/05 என்று ஆண்டு முன்னே வரும். நம் ஊரில் கணினி வாங்குவோர் பலர் அமெரிக்க அமைப்பை மாற்றாமலே பயன்படுத்துவதால், ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு மடிக்கணினிகள்கூட வேறு வேறாகக் காட்டலாம். பக்கத்தின் மொழி தமிழ் என்று நீங்கள் குறிப்பிட்டாலும் குரோம் பொதுவாக இந்தப் புலத்துக்கு அதைப் பொருட்படுத்துவதில்லை. எத்தனை அலங்கார (சிஎஸ்எஸ்) விதிகள் எழுதினாலும் வரிசை மாறாது. ஆகவே அந்தப் புலத்தில் வரிசையைக் கட்டாயப்படுத்த வழியில்லை என்பதே நேரான பதில்.

திருத்தும் பக்கத்தில் தேதி காலியாக நிற்பதற்கும் காரணம் இதுவே. சேவையகத்திலிருந்து 05/03/2015 என்றோ 2015/03/05 என்றோ எழுதி அந்தப் புலத்தின் மதிப்பாகக் கொடுத்திருப்பீர்கள். சிறுகோடு இட்ட வடிவத்தைத் தவிர வேறு எதையும் அந்தப் புலம் ஏற்பதில்லை. பிழை என்று பயனருக்குச் சொல்லாமலே வெறுமையாக்கிவிடும். குரோமின் நிரலாளர் கருவிகளைத் திறந்து கன்சோலைப் பார்த்தால், கொடுத்த மதிப்பு தேவையான வடிவத்தில் இல்லை என்ற எச்சரிக்கை அங்கே இருக்கும். மிக முந்தைய தேதி, மிகப் பிந்தைய தேதி என்று எல்லை வைக்கும் ‘மின்’, ‘மேக்ஸ்’ பண்புகளுக்கும் அதே விதிதான். சேவையகத்திலிருந்து புலத்துக்குக் கொடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் சிறுகோட்டு வடிவத்தைக் கொடுத்துவிட்டால் இந்தக் குறை தீர்ந்துவிடும்.

இனி, நகரும் பிறந்த நாளுக்கு வருகிறேன். எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் வகுப்பின் சேர்க்கைப் படிவத்தை நான் எழுதிக் கொடுத்தேன். ஆண்டு முடிவில் சான்றிதழ் அச்சிட்டுக் கொடுத்தபோது, ஒரு தாய் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, தம் மகள் பத்தாம் தேதி பிறந்தவள், இதில் ஏழாம் தேதி என்று இருக்கிறதே என்றார். எழுதும்போது கைதவறி இருக்கலாம் என்று நினைத்துக் காகிதப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் கையெழுத்தில் தெளிவாக 10 என்றுதான் இருந்தது. அதே பிள்ளையின் பதிவு மூன்று முறை திறந்து சேமிக்கப்பட்டிருந்தது: ஒரு முறை முகவரி மாற்றத்துக்கு, ஒரு முறை தொலைபேசி எண்ணுக்கு, ஒரு முறை நிழற்படம் சேர்ப்பதற்கு. சேமித்த ஒவ்வொரு முறையும் அவளுடைய பிறந்த நாள் ஒரு நாள் பின்னே போயிருந்தது. உங்களிடம் மூன்று நாள் குறைந்த பிள்ளையின் பதிவையும் எத்தனை முறை சேமித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

நடந்தது இதுதான். உலாவிக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ‘டேட்’ என்ற பெயரில் இருப்பது உண்மையில் தேதி அன்று. அது ஒரு கணம். 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரப்படி (யுடிசி) நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிநொடி கடந்தது என்ற ஒற்றை எண்தான் அதற்குள் இருக்கிறது. அந்தக் கணத்தை நாள், மாதம், ஆண்டு என்று சொல்ல வேண்டுமானால், எந்த ஊர்க் கடிகாரத்தின்படி என்று கேட்டாக வேண்டும். தென்னாப்பிரிக்க நேரம் உலகப் பொது நேரத்துக்கு இரண்டு மணி முந்தியது. டர்பனில் ஆகஸ்ட் 10 பிறக்கும் நள்ளிரவில், உலகப் பொது நேரப்படி இன்னும் ஆகஸ்ட் 9 இரவு 10 மணிதான். எனவே நம் ஊர் நள்ளிரவாக உருவாக்கிய ஒரு கணத்தை ‘டூ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங்’ செயலால் எழுத்தாக்கி, முதல் பத்து எழுத்துகளை வெட்டி எடுத்தால், கிடைப்பது ஆகஸ்ட் 9. தரவை அனுப்பப் பயன்படும் எழுத்து வடிவமான ஜேசனாக மாற்றி அனுப்பினாலும் உள்ளே அதே செயல்தான் நடக்கிறது. ஆகவே அந்தச் செயலை நீங்கள் எங்கும் எழுதாவிட்டாலும் பிழை உள்ளே வந்துவிடும்.

இதில் சிறுகோட்டுக்கும் சாய்கோட்டுக்கும் உள்ள வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. நம் நாட்டில் அதுவே பெரிய வேறுபாடாகிவிடுகிறது. 2015-08-10 என்று சிறுகோடு இட்ட எழுத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்தால், அது உலகப் பொது நேர நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். நம் கடிகாரத்தில் அது விடியற்காலை இரண்டு மணி, அதே ஆகஸ்ட் 10. திரும்ப எழுதினாலும் ஆகஸ்ட் 10 என்றே வரும், கெடுதல் இல்லை. 2015/08/10 என்று சாய்கோடு இட்டுக் கொடுத்தாலோ உலாவிகள் அதை உள்ளூர் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்கின்றன. திரும்ப எழுதும்போது ஆகஸ்ட் 9 ஆகிவிடுகிறது. தென்னாப்பிரிக்க ஆங்கில அமைப்பில் தேதியின் இயல்பான வடிவமே ஆண்டு முன்னே வரும் இந்தச் சாய்கோட்டு வடிவம் என்பதை மறந்துவிடக் கூடாது. விண்டோஸ் கணினியில் எக்செலில் திறந்து மறுபடி சேமித்த பட்டியலிலும் அதுவே வரும், வட்டார அமைப்பைப் பின்பற்றித் தேதி எழுதும் சேவையக நிரலிலும் அதுவே வரும். என் பிழையும் அங்கேதான் இருந்தது: சேவையகம் சாய்கோட்டில் கொடுத்ததை நான் கணமாக மாற்றி, பிறகு சிறுகோட்டில் எழுதி, திருத்தும் புலத்தில் வைத்தேன். பக்கம் திறந்ததுமே தேதி ஒரு நாள் குறைந்துவிட்டது. முகவரியை மாற்ற வந்தவர் தேதியைப் பார்க்காமலே சேமித்துவிட்டார்.

இதற்கு மருந்தாக இரண்டு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்றோ, எல்லாத் தேதியையும் நண்பகல் 12 மணியாக வைத்துக்கொள்ளலாம் என்றோ சிலர் சொல்வார்கள். நண்பகல் வழி பெரும்பாலும் தப்பிக்க உதவும் என்பது உண்மை. ஆனால் அது நோயை மூடிவைப்பது. பிறந்த நாள் ஒரு கணம் அன்று. ஆகஸ்ட் 10 பிறந்த பிள்ளைக்கு டர்பனிலும் லண்டனிலும் சென்னையிலும் பிறந்த நாள் ஆகஸ்ட் 10தான். ஆகவே அதை எந்த இடத்திலும் கணமாக மாற்றாதீர்கள். புலத்திலிருந்து வரும் பத்து எழுத்துகளை எழுத்தாகவே அனுப்புங்கள். சேவையகத்தில் தேதிக்கென்றே உள்ள வகையில் ஏற்றுக்கொள்ளுங்கள். தரவுத்தளத்தில் நேரம் இல்லாத ‘டேட்’ நெடுவரிசையில் வையுங்கள். ஜாவாவில் 2014 முதல் ‘லோக்கல்-டேட்’ இருக்கிறது, பைத்தானில் ‘டேட்’ தனி வகையாகவே இருக்கிறது, டாட்நெட்டில் ஆறாம் பதிப்பிலிருந்து ‘டேட்-ஒன்லி’ இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்டுக்கும் ‘டெம்பொரல்’ என்ற புதிய தொகுப்பில் ‘ப்ளெய்ன்-டேட்’ வந்திருக்கிறது. எல்லாப் பயனர்களின் உலாவியிலும் அது இருக்கும் என்று நம்ப முடியாத வரையில், உலாவிப் பக்கத்தில் எழுத்தாகவே வைத்துக்கொள்வதுதான் நல்லது. ஆண்டு முன்னே, பிறகு மாதம், பிறகு நாள் என்று எல்லாம் முழு இலக்கங்களோடு இருப்பதால், முந்தியது எது பிந்தியது எது என்று ஒப்பிடுவதற்குக்கூட எழுத்து வரிசையே போதும்.

இதே காரணத்தால் எல்லை வைக்கும் இடத்திலும் ஒரு பிழை வரும். பிறந்த தேதி இன்றைக்குப் பிந்தியதாக இருக்கக் கூடாது என்று ‘மேக்ஸ்’ பண்பில் இன்றைய தேதியை வைப்பீர்கள். அதை உலகப் பொது நேரத்திலிருந்து எடுத்தால், நள்ளிரவிலிருந்து அதிகாலை இரண்டு மணி வரை ‘இன்று’ என்பது நேற்றாகவே இருக்கும். சேர்க்கைப் படிவத்தில் இது யாரையும் பாதிக்காமல் போகலாம். தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுக்கும் படிவத்துக்கும் இதே நிரலை எடுப்பீர்களானால், கடைசி நாள் முடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் படிவம் திறந்தே இருக்கும். இன்றைய தேதியைச் சேவையகத்தில், ஆப்பிரிக்கா ஜோகன்னஸ்பர்க் என்ற நேர மண்டலத்தைப் பெயர் சொல்லி எடுத்துப் பக்கத்துக்கு அனுப்புங்கள்.

அடுத்து, நாளும் மாதமும் இடம் மாறுவது. ஒரு மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள்கள் எல்லாமே மாதமாகவும் வாசிக்கத் தகுந்தவை. ஆண்டுக்கு அப்படி 144 நாள்கள். அவற்றில் 5/5, 6/6 போன்ற பன்னிரண்டை விட்டால் 132 தேதிகள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வேறொரு தேதியாக மாறிவிடும். பதின்மூன்றாம் நாள் முதல் என்றால் நிரல் பெரும்பாலும் பிழை என்று நிறுத்தும், நாம் கவனிப்போம். அதனால்தான் சோதனை செய்யும்போது எல்லாம் சரியாக இருந்து, பிள்ளைகள் சேர்ந்த பிறகு தவறுகிறது. சேவையகத்தில் பிஎச்பி என்ற நிரல்மொழியைப் பயன்படுத்துவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அதன் ‘எஸ்டிஆர்-டு-டைம்’ செயல் 05/03/2015 என்பதை அமெரிக்க வழக்கப்படி மே 3 என்று கொள்ளும், 05-03-2015 என்று சிறுகோடு இட்டால் மார்ச் 5 என்று கொள்ளும். ஒரே இலக்கங்கள், நடுவில் உள்ள கோடு மட்டும் வேறு. எந்த மொழியில் எழுதினாலும் வடிவத்தை நிரலே ஊகிக்க விடாதீர்கள். எதிர்பார்க்கும் வடிவத்தைச் சொல்லியே வாசியுங்கள். அப்படி வாசித்த பிறகும் திரும்ப எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். பிஎச்பியின் ‘கிரியேட்-ஃப்ரம்-ஃபார்மேட்’ 31/02/2024 என்று கொடுத்தால் மறுக்காமல் மார்ச் 2 என்று ஆக்கிவிடும்; ஜாவாஸ்கிரிப்டில் ஆண்டு, மாதம், நாள் என்று எண்களாகக் கொடுத்தாலும் அப்படியே, அதோடு அங்கே ஜனவரிக்கு எண் 1 அன்று, 0. வாசித்ததை மறுபடி எழுதிப் பார்க்கும்போது வந்த எழுத்தும் எழுதிய எழுத்தும் ஒன்றாக இல்லாவிட்டால், அந்தத் தேதி நாள்காட்டியிலேயே இல்லை என்று பொருள். உலாவியில் சரிபார்த்தாயிற்று என்று இந்தச் சோதனையைச் சேவையகத்தில் செய்யாமல் விட்டுவிடக் கூடாது.

மனிதர் நிரப்பும் புலத்தைப் பற்றி இப்போது சொல்லலாம். வகுப்பு தொடங்கும் நாள், நேர்காணலுக்கு வரும் நாள் போல அண்மையில் உள்ள ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பதற்கு நாள்காட்டிப் புலம் நல்லது. கிழமை தெரியும், தவறுவது குறைவு. மனப்பாடமாகத் தெரிந்த பிறந்த தேதிக்கு அது ஏற்றதன்று. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் ஆயா ஒரு படிவத்தை நிரப்புவதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். அவர் பிறந்தது 1948இல். நாள்காட்டி நடப்பு மாதத்தில் திறந்தது. பின்னோக்கும் அம்புக்குறியை ஒவ்வொரு மாதமாக அழுத்திக்கொண்டே போனார். ஆண்டை நேரடியாகத் தொட்டு மாற்றலாம் என்பதற்குத் திரையில் அவருக்குப் புரியும்படியான குறிப்பு எதுவும் இல்லை. எழுபது ஆண்டுக்கு மேல் என்றால் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட அழுத்தல்கள். 1990களை எட்டியபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நீயே போட்டுவிடு அய்யா என்று கைப்பேசியை என்னிடம் கொடுத்தார். தம் பிறந்த தேதியைத் தாமே எழுதத் தெரிந்தவரிடமிருந்து அந்த வேலையைப் படிவம் பறித்துக்கொண்டது.

ஆகவே பிறந்த தேதிக்கு மூன்று தனிப் புலங்கள் வையுங்கள். பிரிட்டிஷ் அரசின் வலை வடிவமைப்பு வழிகாட்டியும் மனத்தில் உள்ள தேதிகளுக்கு மூன்று பெட்டிகளையே பரிந்துரைக்கிறது. நீங்கள் கேட்ட நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை இங்கே முழுவதும் உங்கள் கையில் வந்துவிடும். நாளுக்கும் ஆண்டுக்கும் சாதாரண எழுத்துப் புலம் வைத்து, எண் விசைப்பலகை வரும்படி ‘இன்புட்-மோட்’ பண்பை மட்டும் குறியுங்கள். ‘நம்பர்’ வகைப் புலம் வேண்டாம், சுட்டியின் சக்கரம் உருண்டால் அதில் எண் மாறிவிடக்கூடும். மாதத்தை எண்ணாகக் கேட்காமல், மார்ச் என்று பெயரோடு தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வைப்பதையே நான் விரும்புகிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாத இளைய தலைமுறையினருக்காக அதே வரியில் ஆங்கிலப் பெயரையும் சேருங்கள். நம் வீடுகளில் பாட்டிக்குப் பேரன் நிரப்பிக் கொடுப்பதும், பேரனுக்குப் பாட்டி சொல்லிக் கொடுப்பதும் இயல்பு. எடுத்துக்காட்டுத் தேதி ஒன்றைப் புலத்தின் மேலே எழுதுங்கள். அதில் நாள் 12க்கு மேல் இருக்கட்டும், 27 மார்ச் 1948 என்பது போல. அப்போது எது நாள், எது மாதம் என்ற ஐயமே எழாது. மூன்று புலங்களையும் ஒரே தொகுப்பாக ‘ஃபீல்டு-செட்’டுக்குள் வைத்து, பிறந்த தேதி என்ற தலைப்பை அதற்குக் கொடுத்தால், திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்கும் மூன்றும் ஒன்றைச் சேர்ந்தவை என்பது விளங்கும். மூன்றையும் சேர்த்து 1948-03-27 என்று எழுத்தாக்குவது ஒரு வரி நிரல். அதிலும் கணமாக மாற்றும் வேலை வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவின் பதின்மூன்று இலக்க அடையாள எண்ணைக் கேட்டாலே பிறந்த தேதி கிடைத்துவிடுமே என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லக்கூடும். முதல் ஆறு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பிறந்த தேதிதான். ஆனால் ஆண்டு இரண்டு இலக்கம் மட்டுமே: 25 என்று தொடங்கினால் 1925இல் பிறந்த கொள்ளுப்பாட்டியா, 2025இல் பிறந்த குழந்தையா என்று எண் சொல்லாது. அதைவிட முக்கியம், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள நாட்டில், தேதிக்காக ஒருவருடைய முழு அடையாள எண்ணை வாங்கி வைப்பது தேவையற்ற பொறுப்பைச் சுமப்பதாகும். வேறு காரணத்துக்காக ஏற்கெனவே அந்த எண் உங்களிடம் இருந்தால், தேதியைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

திரையிலும் சான்றிதழிலும் தேதியைக் காட்டும்போது மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்; பல நாடுகளின் கடவுச்சீட்டிலும் மாதம் எழுத்தால்தான் வருகிறது. ஜாவாஸ்கிரிப்டின் ‘இன்டல்’ தொகுப்பில் உள்ள தேதி வடிவமைப்பியைப் பயன்படுத்தினால் தமிழில் 5 மார்ச், 2015 என்று நன்றாகவே எழுதிக் கொடுக்கும். ஆனால் தேவையானதைச் சொல்லிக் கேட்க வேண்டும். குறுகிய வடிவம் கேட்டால் 5/3/15 என்று, நாம் தப்பிக்க நினைத்த அதே குழப்பத்தைக் கொண்டுவந்து வைக்கும். வட்டாரத் தரவுகளின் பொதுத் தொகுப்பில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்ற நான்கு நாடுகள் மட்டுமே உண்டு. தென்னாப்பிரிக்கத் தமிழ் என்று நீங்கள் குறித்தால் அது பொதுத் தமிழுக்குத் திரும்பிக்கொள்ளும். நம் தேவைக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. இங்கே மறக்கக் கூடாதது, தேதியைக் கணமாக்கித்தான் வடிவமைப்பிக்குக் கொடுக்க முடியும் என்ற கட்டாயம் வந்தால், உலகப் பொது நேர நள்ளிரவாக ஆக்கி, வடிவமைப்பியின் நேர மண்டலத்தையும் உலகப் பொது நேரம் என்றே குறிப்பது. இரண்டு பக்கமும் ஒரே கடிகாரம் என்றால் நாள் நகராது.

உங்கள் இரண்டாவது படிவம், முன்னோர் பதிவு, இதைவிட அதிகக் கவனம் கேட்பது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நேட்டால் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. இந்தத் தேதியை ‘டைம்ஸ்டாம்ப்’ (தேதியும் நேரமும் சேர்ந்த) நெடுவரிசையில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் ஏற்கவே ஏற்காது, ஏனெனில் அந்த வகை 1970 முதல் 2038 வரைதான் கொள்ளும். எக்செலின் நாள்காட்டி 1900இல் தொடங்குவதால், அங்கும் இது தேதியாக இல்லாமல் வெறும் எழுத்தாகவே கிடக்கும். வரிசைப்படுத்தினால் இடம் மாறும். ஜாவாஸ்கிரிப்டில் கணமாக ஆக்கினாலோ வேறொரு விந்தை நடக்கும். நேர மண்டலத் தரவில் ஜோகன்னஸ்பர்க்குக்கு 1892 பிப்ரவரிக்கு முன் உலகப் பொது நேரத்திலிருந்து 1 மணி 52 நிமிட வேறுபாடு, பிறகு 1903 மார்ச் வரை ஒன்றரை மணி, அதற்குப் பிறகே இரண்டு மணி. ஆகவே 1860 நவம்பர் 16 உள்ளூர் நள்ளிரவு, நவம்பர் 15 இரவு 10 மணி 8 நிமிடம் என்று எழுதப்படும். கிழக்கே கடலோரம் இருக்கும் டர்பனின் அக்காலச் சூரிய நேரம்கூட அதுவன்று. இரண்டு மணியைக் கூட்டிச் சரிசெய்யலாம் என்பவர்களுக்கு இந்த ஒரு தேதியே பதில். மைஎஸ்க்யூஎல்லின் ‘டேட்’ வகை 1000ஆம் ஆண்டு முதல் கொள்ளும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இன்னும் பின்னே போகும். அவற்றில் 1860-11-16 என்று வைத்தால் அது அப்படியே இருக்கும்.

அதைவிடப் பெரியது முழுமையற்ற தேதி. கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், ஊர் முதலியவற்றோடு வயதுதான் எழுதப்பட்டது, பிறந்த தேதி எழுதப்படவில்லை. 1860 நவம்பரில் 22 வயது என்று எழுதப்பட்டவர், அந்த வயது சரியானால், 1837 நவம்பருக்கும் 1838 நவம்பருக்கும் இடையில் எப்போதோ பிறந்தவர். உங்கள் படிவம் நாளும் மாதமும் கட்டாயம் என்று நிறுத்தினால், நிரப்புகிறவர் 1838 ஜனவரி 1 என்று போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். பத்து ஆண்டு கழித்து அவருடைய பேரப்பிள்ளைகள் அதை உண்மை என்று நம்பி, வழிபாட்டு நாளாகக்கூட வைத்துக்கொள்வார்கள். எழுதிவைத்தவர் அறியாத ஒன்றைப் படிவம் அவர் வாயில் திணித்துவிடுகிறது. இதை நான் பலமாகவே சொல்கிறேன்: முன்னோர் படிவத்தில் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி நெடுவரிசையாக, காலியாக விடத் தக்கவையாக வையுங்கள், ‘சரியாகத் தெரியும்’, ‘ஏறக்குறைய’, ‘வயதிலிருந்து கணித்தது’ என்று ஒரு தேர்வையும், ஆவணத்தில் எழுதியிருப்பதை அப்படியே எழுத ஒரு வரியையும் கூடவே வையுங்கள். ஏறக்குறைய 1838 என்பதை 1838~ என்று எழுதும் முறை ஐஎஸ்ஓ 8601 தரத்தின் 2019ஆம் ஆண்டு இரண்டாம் பகுதியில் இருக்கிறது. வேறு ஆவணக் காப்பகத்தோடு தரவைப் பகிர வேண்டி வந்தால் அது உதவும்.

நேரமும் உண்மையிலேயே தேவைப்படும் ஓர் இடம் உண்டு. கோயிலில் நட்சத்திரம் பார்ப்பதற்காகப் பிறந்த நேரத்தையும் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது கணம்தான், அங்கே நேர மண்டலம் வேண்டும், பிறந்த ஊரும் வேண்டும். வீட்டார் சொல்லும் கடிகார நேரத்தை அப்படியே ஒரு நெடுவரிசையில் வைத்து, கணமாக மாற்றுவதை நேர மண்டலத் தரவிடம் விடுங்கள். போர்க்காலத்தில் 1942 செப்டம்பர் முதல் 1943 மார்ச் வரையும், மறுபடி 1943 செப்டம்பர் முதல் 1944 மார்ச் வரையும் தென்னாப்பிரிக்கக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே வைக்கப்பட்டன. 1943 ஜனவரியில் காலை ஆறு மணிக்குப் பிறந்ததாகச் சொல்லும் முதியவருக்கு வழக்கமான நேரப்படி அது ஐந்து மணி. நட்சத்திரம் மாறாவிட்டாலும் லக்னம் மாறிவிடக்கூடும். நீங்களாக இரண்டு மணியைக் கழித்தால் இது தவறும்.

கடைசியாக, ஏற்கெனவே நகர்ந்துவிட்ட பதிவுகள். எல்லாத் தேதிக்கும் ஒரு நாளைக் கூட்டும் ஒற்றைக் கட்டளையை இட்டுவிடாதீர்கள். சிலவற்றில் ஒரு நாள் குறைந்திருக்கிறது, சிலவற்றில் மூன்று, சிறுகோட்டு வழியாகவே வந்தவற்றில் எதுவும் குறைந்திராது. நாளும் மாதமும் இடம் மாறியவை வேறு கலந்திருக்கக்கூடும். முதலில் நிரலைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் சரிசெய்யும்போதே மறுபடி நகரும். பிறகு காப்புப்படி எடுத்துவிட்டு, மாற்றங்களின் பதிவேடு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதன்முதலில் பதிந்த மதிப்பைத் தேடுங்கள். இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழின் நகலோடும் காகிதப் படிவத்தோடும் ஒப்பிடுங்கள். மீதம் இருப்பவற்றைப் பெற்றோருக்கு அனுப்பி, ‘உங்கள் பிள்ளை பிறந்தது 9 ஆகஸ்ட் 2015 என்று எங்களிடம் இருக்கிறது, சரியா?’ என்று மாதத்தை எழுத்தால் எழுதிக் கேளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். நாற்பதுக்கும் குறைவான பிள்ளைகள், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தது.